மூன்று மணிக்குக் கிளம்பி ஆறரைக்குச் சேர்வதா?

"என்னங்க, விடிகாலை மூணு மணிக்கு டில்லியில ஏறினா அன்னிக்கே ஆறரைக்கு சான் பிரான்சிஸ்கோவா?"

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம், மூத்த மகளின் பிரசவத்துக்காகத் தனியே புறப்பட்ட என் மனைவி டிக்கெட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அவளுக்குக் காலை ஏழரை, இரவு ஏழரை என இரண்டு வேளை இன்சுலின். டிக்கெட்டை நம்பினால் வழியில் ஊசியே வேண்டாம்!

கோடையில் அந்த ஊர் நமக்கு பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியது, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. ஆக அங்கே காலை ஆறரை என்றால் டில்லியில் மாலை ஏழு. பயணம் 16 மணி நேரம்.

ரயில்வேயில் பாதை பராமரிப்பில் காலம் தள்ளியவன் நான். எங்களுக்குத் தூரம் என்பது கல்லில் எழுதியது. புது டில்லியிலிருந்து சென்னை சென்ட்ரல் 2,182 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எந்த நாள் ஓடினாலும் அதேதான். வானத்தில் அப்படிக் கல் கிடையாது. டில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் உருண்டையின் மேல் நூல் பிடித்தால் ஏறக்குறைய 12,400 கிலோமீட்டர். அந்த நூல் சைபீரியாவைத் தாண்டி, வடக்கு 75 டிகிரிக்கும் மேலே, ஆர்க்டிக் கடல் வழியாகப் போகும். விமானம் அப்படியே போவதில்லை.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா செய்ததைப் பாருங்கள். அதுவரை மேற்கே அட்லாண்டிக் வழியாக, சுமார் 13,900 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்த விமானத்தைக் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் 15,300 ஆயிற்று. நேரமோ பதினான்கரை மணியாகக் குறைந்தது! முப்பதாயிரம், நாற்பதாயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றுதான் காரணம். முன்பு முகத்தில் அறைந்த காற்று இப்போது முதுகைத் தள்ளியது. கணக்குப் போட்டால் தரையை ஒட்டிய வேகம் மணிக்கு 1,050 கிலோமீட்டருக்கு மேல். கோடையில் அந்தக் காற்று வலு குறையும். மனைவியின் டிக்கெட்டில் 16 மணி நேரம் இருந்தது அதிசயமல்ல.

வழியை மூடுவதும் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, வட அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் எரிபொருளுக்காக நடுவழியில் இறங்கிப் போயின. எங்கள் பாஷையில் 'பிளாக்'.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு தபால் அட்டையில் வொர்க்கிங் டைம் டேபிள் மாதிரி எழுதிக் கொடுத்தேன். 'கிளம்பி நாலரை மணி நேரம்: ஊசி, உடனே இட்லி. பதினாறரை: ஊசி, சாப்பாடு.' இரண்டாவது ஊசி இறங்கிய அரை மணியில், இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போது வரும். அதனால் ஊசி, மருந்து, டாக்டர் சீட்டு, தின்பதற்கு ஏதாவது, எல்லாம் கைப்பையில். பெட்டியோடு போட்டால் சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைந்து வீணாகக்கூடும். கைக்கடிகாரத்தை மட்டும் திருப்பாதே என்று நாலு தடவை சொன்னேன்.

விமானம் நாற்பது நிமிஷம் முன்னதாகவே இறங்கிவிட்டது. அட்டையில் அதற்கு வழி எழுதவில்லை! என்றாலும் அவள் ஏழரை ஆகும்வரை பொறுத்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போட்டுக்கொண்டாளாம்.

மூன்றாம் நாள் மகள் தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, அம்மா இன்னும் கடிகாரத்தைத் திருப்ப விடமாட்டேங்கறா."