சிறு தொழிலும் அயலவர் துணையும்

சிறு தொழிலொன்றைத் தொடங்க முற்படும் ஒருவருக்கு முதலில் வேண்டியது பணமே என்று பலரும் கருதுவர். பணம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அப்பணம் எவரிடமிருந்து வருகிறது, எப்பொழுது திருப்பிக் கேட்கப்படுகிறது, ஆக்கிய பொருளை வாங்குபவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை காணாது கொடுக்கப்படும் கடன், தொழிலை வளர்ப்பதை விடுத்துத் தொழில் செய்பவரையே விழுங்கிவிடுதல் கூடும். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும், வரட்சியால் நலிந்த பிற மாவட்டங்களிலும் நிகழ்ந்தவை இதற்குச் சான்றாகும்.

யாழ்ப்பாணத்திலே பனைசார் தொழில் செய்யும் ஒரு பெண்ணின் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆடி, ஆவணி மாதங்களிலே பனம்பழம் விழத் தொடங்கும். பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பாயிலே பரப்பி, வெயிலிற் காயவைத்துப் பினாட்டு ஆக்குவாள். எஞ்சிய விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு மூடுவாள். அவை முளைத்துக் கிழங்காவதற்குச் சில மாதங்கள் செல்லும். மாரி மழை ஓய்ந்து தை பிறக்கும் வேளையிலே பாத்தி கிண்டப்படும். கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இடைப்பட்ட காலத்திலே கடகம், பெட்டி, சுளகு என ஓலை வேலை கைகொடுக்கும். எனினும் மாரிக்காலத்திலே ஓலை காய்வதில்லை. சந்தைக்கு வருவோரும் குறைவர். ஆகவே அவள் வருவாய் ஆண்டிலே இரண்டொரு முறை பெருகி, ஏனைய மாதங்களில் ஒடுங்கிச் செல்வது. ஐப்பசியிலே பாத்திக்குள் இருக்கும் கிழங்கு அவள் செல்வமே. ஆனால் அதனைக் கொண்டு அந்தக் கிழமைத் தவணையைச் செலுத்த இயலாது.

கடன் கொடுத்த நிறுவனங்கள் பலவும் கிழமைதோறும் தவணை கேட்டன. வட்டியைக் கணக்கிட்ட முறையும் அறியவேண்டியதொன்று. ஐம்பதினாயிரம் ரூபாவை ஓராண்டுக்கு 24 வீத நிலை வட்டிக்கு ஒருவர் பெறுகிறார் என்க. வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபா. இதனை 52 கிழமைக்குப் பங்கிட்டால் தவணையொன்று 1,192 ரூபாவரை வரும். கேட்பதற்கு 24 வீதம் என்பது மிகையாகத் தோன்றாது. ஆனால், முதற் கிழமையிலிருந்தே முதல் குறைந்து வருவதாற் கடன்பட்டவர் கையில் ஆண்டு முழுவதும் ஐம்பதினாயிரம் இருப்பதில்லை. சராசரியாக அதிற் பாதியளவே இருக்கிறது. வட்டியோ முழுத் தொகைக்கும் அறவிடப்படுகிறது. உண்மையில் அவர் செலுத்தும் வட்டி, சொல்லப்பட்ட வீதத்தின் ஏறக்குறைய இரு மடங்காகும். இதனைக் கடன்பட்டவருக்கு ஒருவரும் விளக்கிச் சொல்வதில்லை. தவணை தவறிய கிழமையில் மற்றொரு நிறுவனத்தில் வாங்கி முன்னையதை அடைக்கும் பழக்கம் இவ்வாறே தோன்றிற்று. பின்னர், தொழிலுக்கென வாங்கிய பணம் தொழிலுக்கு ஒரு சதமேனும் சேராத நிலை உண்டாயிற்று.

இத்தகைய கடன் முறையின் தோற்றம் நல்லெண்ணத்திலேதான். வங்காளதேசத்தின் யோப்ரா என்னும் கிராமத்திலே 1976 ஆம் ஆண்டிற் பேராசிரியர் முகம்மது யூனுஸ், மூங்கில் முக்காலி முடைவோர் முதலிய 42 பேருக்கு மொத்தம் 856 டாக்கா கொடுத்தார். அவ்வளவு சிறு தொகை இல்லாமையினாலேயே அவர்கள் வணிகரிடம் கட்டுண்டு கிடந்தனர். அம்முயற்சியே 1983 இற் கிராமீன் வங்கியாக வளர்ந்து, 2006 இல் நோபல் பரிசும் பெற்றது. ஈடு வைப்பதற்கு ஏதுமற்றவரைக் குழுவாகச் சேர்த்து, குழுவின் நாணயத்தையே பிணையாகக் கொள்வது அதன் வழி. இலாபம் ஒன்றையே நாடிய நிறுவனங்கள் இவ்வழியை எடுத்துக்கொண்டபோது, குழுவின் பெயர் எஞ்சியது. அதன் பொருள் மாறியது. அயலவள் தவணை தவறினால் ஏனையோர் கட்டவேண்டும் என்ற விதியால், துணையாக நிற்கவேண்டியவர்களே கடன் அறவிடுவோராயினர். ஒருவர் வீட்டு வாசலிலே மற்றொருவர் காத்திருக்கும் நிலை வந்தது. ஊரவரின் நட்பையே ஈடாகப் பெற்று, அந்த ஈட்டை விற்றுத் தின்றதற்கு ஒப்பானது இது.

நுண்நிதி பற்றிய 6 ஆம் இலக்கச் சட்டம் 2016 இல் நிறைவேறியது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே பெண்கள் பெற்றுத் திருப்பிச் செலுத்த இயலாதிருந்த, ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசினர் 2018 இல் தாமே பொறுப்பேற்றனர். ஆயினும் துயர் தீர்ந்ததாக இல்லை. 2021 மார்ச்சிலே பொலநறுவை மாவட்டத்தின் இங்குராக்கொடையிற் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர்.

இந்நாட்டுக்குப் பிணையும் கடனும் புதியனவல்ல. ஊர்ப் பெண்கள் பிடிக்கும் சீட்டே இதற்குப் பழைய சான்று. மாதந்தோறும் ஒவ்வொருவரும் கட்டும் பணம் முறைப்படி ஒருவர் கைக்குச் சேரும். தையற் பொறி வாங்கியவரும், கோழி வளர்க்கத் தொடங்கியவரும் இதனாலே உண்டு. ஆங்கில ஆட்சியிலே 1911 இற் பிறந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், ஜேர்மனியிலே றைபைசன் 1860களில் வகுத்த நெறியைத் தழுவியது. ஓர் ஊருக்கு ஒரு சங்கம். உறுப்பினர் சிக்கனமாய்ச் சேர்த்த பணமே கடன் முதல். எவருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுப்பது என்பதை அவரை அறிந்த அயலவரே தீர்மானிப்பர். பனம்பாத்தியின் காலத்தை அறியாத ஒருவர் அச்சபையில் இருத்தல் அரிது. வட்டியால் வந்த மிகுதியும் ஊரைவிட்டுப் போவதில்லை. குழுப்பிணைக்கும் சங்கத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது: முன்னதில் அயலவர் பிறர் பணத்துக்குக் காவலர், பின்னதில் தம் பணத்துக்குத் தாமே உரியவர்.

இச்சங்கங்களிலும் குறை இல்லாமல் இல்லை. ஊரிலே செல்வாக்குள்ளவர் நிருவாகத்தைக் கைப்பற்றுவதும், நிலமற்றவரையும் தாழ்த்தப்பட்டவரையும் ஒதுக்குவதும் நிகழ்ந்தன. காலப்போக்கிற் பல சங்கங்கள் பெயரளவில் நின்றன. கேகாலை மாவட்டத்தின் வல்கம என்னும் ஊரிலே 1978 இல் பி. ஏ. கிரிவந்தெனிய என்பவர் அத்தகைய சிக்கன கடனுதவு சங்கமொன்றைத் தட்டியெழுப்பியதிலிருந்தே சனச இயக்கம் நாடெங்கும் பரவியது. புதிய சட்டம் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. உறங்கிய சங்கத்தின் கூட்டத்துக்கு ஊரவர் வந்தாற் போதுமாயிருந்தது.

எஞ்சியது சந்தை. நன்றாய் முடைந்த கடகத்தையும் தரமான ஒடியலையும் தனியொருத்தி சுமந்து சென்றால், பொழுது சாயுமுன் விற்றுவிட்டு வீடு திரும்பவேண்டிய அவசரத்திலே இடைத்தரகர் சொன்னதே விலையாகும். இதனை முன்னமே உணர்ந்தவர் யாழ்ப்பாணத்துப் புகையிலைக் கமக்காரர். 1930களிலே மலையாளப் புகையிலை விற்பனைக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் தம் விளைவை ஒன்று திரட்டித் திருவிதாங்கூருக்கு அனுப்பினர். அதனினும் அரியது கள் இறக்கும் தொழிலாளர் வரலாறு. தவறணைகளைக் குத்தகைக்கு எடுத்தோரின் தயவிலே நெடுங்காலம் வாழ்ந்த அவர்கள், 1972 இற் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து தவறணைகளைத் தாமே நடத்தத் தொடங்கினர். மரத்திலே ஏறி இறங்கியவர் தாம் இறக்கிய கள்ளின் விலையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அமர்ந்தார். நாள் முழுதும் நில்லாத பண்டமாகிய கள் கெட்டுப்போகாதிருக்க வழி தேடியபோது, போத்தலில் அடைத்தலும், வடமராட்சியின் திக்கத்திலே வடிசாலையும் பின்னர் வந்தன. தனித்தனிக் கடனால் ஒரு தொழிலாளியும் வடிசாலை கட்டியிருக்க முடியாது.

இன்று ஒடியல் மாவையும் பினாட்டையும் பொதி செய்து கடல் கடந்து வாழும் உறவினருக்கு விற்கும் பெண்கள் ஊர்தோறும் காணப்படுகின்றனர். அவர்களுக்கு உதவ விரும்புவோர் காசோலை எழுதுமுன் விசாரிக்கவேண்டியது, ஊரிற் சங்கம் கூடுகிறதா, அதன் கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் பார்க்க இயலுமா, பாத்தி கிண்டும் தை மாதம்வரை தவணைக்குப் பொறுத்திருப்பார்களா என்பதையே.