எடைமேடையும் ஜம்பரும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு செம்பனை வாணிகப் பயிராக நடப்பட்டது. நம் நாட்டில் அதுவே முதல் முறை. குலைக்குக் கிடைக்கும் தொகை அதன் எடையையும் பொறுத்தது. இன்று ஆலை வாயிலில் லாரியே எடைமேடையில் ஏறுகிறது. எடைகாட்டி சொல்லும் எண்ணைக் கணிப்பொறி குறித்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் இணைப்பதில் உள்ள நுட்பத்தைத் தமிழாசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

ஆலைக் கணிப்பொறி தூசியும் வெப்பமும் தாங்குமாறு செய்யப்பட்டது. பல கருவிகளோடு பேச வேண்டியிருப்பதால், அதன் தாய்ப்பலகையில் 'ஜம்பர்' என்னும் சிறு உறுப்புகள் உண்டு. எங்கள் பாட்டிமார் ரவிக்கையை ஜம்பர் என்பர், இது வேறு. வரிசையாக நிற்கும் இரண்டு மூன்று உலோக முட்களில் அடுத்தடுத்த இரண்டின்மேல் கவிழ்க்கும் குட்டி மூடியே இது. மூடியினுள் இருக்கும் தகடு இரு முட்களையும் சேர்க்கச் சுற்று மூடுகிறது. 'தாவி' என்று சிலர் மொழிபெயர்க்கின்றனர். இது எங்கும் தாவவில்லையே! 'இணைமூடி' எனின் மாணவர்க்கு உடனே விளங்கும்.

எடைகாட்டியின் கம்பி இருவகை முறைகளில் பேசக்கூடும். 1960-இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 232 ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவுக்கே ஏற்றது. 1983-இல் வந்த ஆர்.எஸ். 485 ஏறத்தாழ 1200 மீட்டர் வரை செல்லும். பல பலகைகளில் ஒரே வாயில் இரண்டுக்கும் பயன்படும். எதுவென்று சொல்வது இணைமூடி.

ஓர் ஆலையில் பழுதுபார்க்கும் என் பழைய மாணவர் ஒரு நாள் பட்ட பாட்டைச் சொன்னார். புதிய எடைகாட்டி பொருத்தியும் கணிப்பொறியில் எண் வரவில்லை. கம்பியை மும்முறை மாற்றினார்களாம். வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. பறித்த குலை காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும். இழப்பு சிறுதோட்டக்காரர் தலையிலும் விழும். கடைசியில் பார்த்தால், எடைகாட்டி பேசியது 232. மூடி இருந்த இடம் 485! மூடியை இடம் மாற்றியதும் எண் வந்தது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. சில பலகைகளில் வாயிலின் ஒன்பதாம் முள்ளுக்கு 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ கொடுக்கும் மூடியும் இருக்கும். தாங்காத கருவிக்கு 12 வோல்ட் போனால், அக்கருவி கெட்டே போகலாம். ஆதலால் பலகையோடு வந்த கையேட்டைப் பாராமல் மூடியைத் தொடலாகாது. முதல் முள்ளுக்கு அருகில் '1' என்றோ முக்கோணமோ அச்சிட்டிருப்பர். பட்டைக் கம்பியின் சிவப்பு ஓரம் பெரும்பாலும் அம்முள்ளின் பக்கம் வரும். விசையை அணைத்தால் மட்டும் போதாது. செருகியைப் பிடுங்கினால்தான் பலகையில் தங்கும் 5 வோல்ட் நீங்கும். பிறகு உலோகப் பெட்டியைத் தொட்டு, நம் உடலின் நிலைமின்சாரத்தையும் போக்கிக்கொள்ள வேண்டும்.

மின்கலத்தின் அருகே பெரும்பாலும் மூன்று முட்கள் இருக்கும். மூடியை 1-2 இலிருந்து 2-3 க்குச் சில நொடிகள் மாற்றினால் பலகையின் அமைப்புகள் அழியும். நாளும் நேரமும் மாறிப்போகலாம். மூடியைப் பழைய இடத்தில் வைத்து, நாளைச் சரிசெய்த பிறகே அடுத்த லாரியை மேடையில் ஏற்ற வேண்டும். இல்லையேல் எடைச்சீட்டில் தவறான தேதி விழும்.