வீட்டு மோடத்தின் தொலைநிலை மேலாண்மையும் ‘நிலைப்பொருள்’ என்னும் கலைச்சொல்லும்

புதுச்சேரியின் சாரம் பகுதியில் ஒரு வீட்டுக்கு அகலப்பட்டை இணைப்பு வழங்கப்பட்ட பின்னர், அங்குள்ள மோடத்தின் அமைப்புகளை மாற்றவோ அதனுள் இயங்கும் நிரலைப் புதுப்பிக்கவோ பணியாளர் எவரும் நேரில் வர வேண்டியதில்லை. சேவை நிறுவனத்தின் வழங்கியிலிருந்தே இவற்றைச் செய்ய இயலும். இதற்கெனப் பரவலாகப் பயன்படும் நெறிமுறை, டிஎஸ்எல் மன்றம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட டிஆர்-069 ஆகும்.

இந்நெறிமுறையில் கருதத்தக்கது உரையாடலின் திசை. கட்டளையிடுவது வழங்கி, ஆயினும் உரையாடலைத் தொடங்குவது எப்போதும் மோடமே. இயக்கப்பட்டவுடனும், பின்னர்க் குறித்த கால இடைவெளிகளிலும் அது வழங்கியைத் தொடர்புகொண்டு, தன் வரிசை எண்ணையும் தன்னுள் இயங்கும் நிரலின் பதிப்பையும் அறிவிக்கிறது. அதன் பின்னரே வழங்கி, மாற்ற வேண்டிய அமைப்புகளை அனுப்புகிறது. புதிய பதிப்பு இருப்பின் அக்கோப்பு உள்ள முகவரியைத் தருகிறது. மோடம் கோப்பைத் தரவிறக்கி, நினைவகத்தில் எழுதி, மறுதொடக்கம் செய்து, விளைவைத் தெரிவிக்கிறது. இடையில் வழங்கிக்குத் தேவை எழுந்தால், தன்னைத் தொடர்புகொள்ளுமாறு வேண்டுகோள் மட்டுமே விடுக்கலாம். அவ்வேண்டுகோளைப் பெறுவதற்காக மோடம் ஒரு போர்ட்டை, அதாவது தொடர்பு வாயிலைத் திறந்து வைக்கிறது. அதன் வழக்கமான எண் 7547.

அவ்வாயில் சேவை நிறுவனத்துக்கு மட்டுமன்றி இணையம் முழுமைக்கும் திறந்திருப்பின் இடர் நேர்கிறது. 2016 நவம்பரில் மிராய் வகைத் தீநிரல் இவ்வழியே தாக்கியபோது, ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களுள் ஏறத்தாழ 9 லட்சம் பேரின் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. நிறுவனம் திருத்திய பதிப்பை வெளியிட்டு, கருவியை அணைத்து மீண்டும் இயக்குமாறு கேட்டுக்கொண்டது. மேலோட்டமாக நோக்கின் இஃது எளிய கைவைத்தியம் போல் தோன்றும். உண்மையில், மீண்டும் இயங்கும் மோடம் தானே வழங்கியை அழைக்கும் என்பதே அதன் அடிப்படை.

இந்தியாவில் 2017 ஜூலையில் நேர்ந்தது இதனினும் கடுமையானது. தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த பி.எஸ்.என்.எல். மோடங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. பிரிக்கர்பாட் என்னும் தீநிரலை உருவாக்கியவர் பொறுப்பேற்றார். 60,000க்கும் மேற்பட்ட மோடங்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. கருவியைக் கைப்பற்றுவதன்று, அதன் அமைப்புகளையும் நினைவகத்தையும் சிதைத்து முடக்குவதே அந்நிரலின் நோக்கம். அழைக்கும் திறனையே இழந்த மோடத்தை எவ்வழங்கியாலும் தொலைவிலிருந்து சீர்செய்ய இயலாது. வீட்டிலுள்ளவரோ பணியாளரோ கருவியைக் கையால் தொட்டே ஆக வேண்டும்.

இங்குக் கலைச்சொல் பற்றியும் ஒரு கருத்து எழுகிறது. ‘ஃபர்ம்வேர்’ என்னும் சொல்லை 1967இல் ஆஷர் ஓப்ளர் அறிமுகப்படுத்தியபோது, வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டது என்பதே கருத்தாக இருந்தது. தமிழில் வழங்கும் ‘நிலைப்பொருள்’ அந்த இடைநிலையைக் காட்டிலும் நிலைபேற்றையே முதலில் உணர்த்துகிறது. தொலைவிலிருந்து மாற்றக்கூடியதும், மாற்றாவிடில் இடர் தருவதுமான ஒன்றுக்கு இப்பெயர் பொருந்துவது அரிது. ‘பதிநிரல்’ எனலாம், பதிக்கப்படுவது என்பதால் மீண்டும் பதிக்கலாம் என்ற குறிப்பும் அதில் உண்டு. ஆனால் ‘பதித்த’ என்னும் அடை வேறொரு கருத்துக்கும் வழங்கக்கூடும் என்பதால், சற்றுக் குழப்பம் நேரலாம்.