புதுநீரின் கடைசி வாசலில் ஒளி

தேக்கா சந்தையில் மீன் கழுவிய தண்ணீர், சிராங்கூன் சாலை உணவகங்களில் பாத்திரம் துலக்கிய தண்ணீர், வீவக வீடுகளின் குளியலறை, கழிவறைத் தண்ணீர் எல்லாம் போய்ச் சேருவது ஒரே கழிவுநீர்க் கட்டமைப்பில்தான். மழைநீர் வடிகால் வேறு. லிட்டில் இந்தியா ஓரமாக ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர் மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. கழிவுநீரோ சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி புதுநீராகத் திரும்புகிறது.

“கழிவறைத் தண்ணீரையா குடிப்பது?” என்ற கேள்வி, 2002 தேசிய தின அணிவகுப்பில் சுமார் 60,000 பேர் புதுநீர்ப் போத்தலை உயர்த்திப் பருகிய பிறகும் முற்றாக ஓயவில்லை. தயங்குவதில் தவறில்லை. ஆலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டு தயங்கலாமே.

வழக்கமான சுத்திகரிப்பு முடிந்த நீர், முதலில் நுண்வடிகட்டியில் மிதக்கும் துகள்களை இழக்கிறது. அடுத்து எதிர்ச் சவ்வூடுபரவல். உப்பு, கன உலோகம், பாக்டீரியா, வைரஸ் ஆகியவை இங்கே தடுக்கப்படுகின்றன. மூன்றாவது வாசல்தான் ஒளி.

பார்ப்பதற்கு அது ஒரு எஃகுக் குழாய். உள்ளே வரிசையாகப் புற ஊதா விளக்குகள். ஒவ்வொரு விளக்குக்கும் குவார்ட்ஸ் உறை. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை விழுங்கிவிடும். சுமார் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர், தப்பி வந்த கிருமி ஏதும் இருந்தால் அதன் மரபணுவைச் சிதைக்கிறது. கிருமி உடனே சாகாவிட்டாலும் பெருக முடியாது. பெருக முடியாத கிருமியால் நோய் தரவும் முடியாது.

ஒளியை ஏன் கடைசியில் வைக்கிறார்கள்? கலங்கிய நீருக்குள் அது ஊடுருவாது. துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும்.

கிருமியைத் தடுப்பதோடு ஒளியின் வேலை முடிவதில்லை. என்டிஎம்ஏ, 1,4-டயாக்சேன் போன்ற சில மிகச் சிறிய வேதிப் பொருள்கள் சவ்வையும் கடந்துவிடக்கூடியவை. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2008 முதல் இயங்கும் ஆலை, விளக்குகளுக்கு முன்பாக நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலக்கிறது. என்டிஎம்ஏவை ஒளியே நேரடியாக உடைத்துவிடும். டயாக்சேன் அப்படி மசியாது. அதற்காகத்தான் பெராக்சைடு: ஒளி பட்டதும் அது ஹைட்ராக்சில் துகள்களாகப் பிளக்கிறது. நொடியின் மிகச் சிறு பகுதியே வாழும் அவை, எதிர்ப்படும் கரிமப் பொருளைத் தாக்கிச் சிதைக்கின்றன. குழாய் இப்போது ஒரு வேதிவினைக்கலன்.

விளக்குக்கு மின்சாரம் வேண்டும். வெயில் இலவசம்தானே?

1972ல் ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள், டைட்டானியம் டையாக்சைடு ஒளியின் உதவியால் நீரையே பிளப்பதைக் காட்டினர். சுவர்ச் சாயத்துக்கு வெண்மை தரும் அதே பொருள்தான். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேரன் சன் குழு, அதை நுண்ணிழைகளாக்கி, வெயிலில் கழிவுநீரைச் சுத்தப்படுத்திக்கொண்டே ஹைட்ரஜனும் தரும் பொருளாக 2013ல் அறிவித்தது. ஒரு லிட்டர் கழிவுநீரில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த வாயு 1.53 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆய்வகத்துக்கு அது நல்ல செய்தி. ஆலைக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

காரணம் எளிது. வழக்கமான டைட்டானியம் டையாக்சைடுக்குத் தேவை புற ஊதா ஒளி. நம்மேல் விழும் வெயிலில் அது சுமார் 5 விழுக்காடுதான். மேகம் வந்தால் அதுவும் குறையும், இரவில் இல்லவே இல்லை. வெயில் அடிவரை பட வேண்டுமானால் நீரை ஆழமில்லாமல் பரப்ப வேண்டும். நாட்டின் தண்ணீர்த் தேவையில் 40 விழுக்காடு வரை புதுநீர் ஈடுசெய்கிறது. அவ்வளவையும் பரப்ப இந்தத் தீவில் இடம் ஏது? மலேசியாவுடனான 1962 தண்ணீர் ஒப்பந்தம் 2061ல் முடிவடைவதால், அதற்குள் கைகொடுக்கும் முறைகளையே நாடு நம்ப வேண்டியுள்ளது.

புதுநீரில் பெரும்பகுதி சில்லுத் தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டும் கட்டமைப்புகளுக்கும் செல்கிறது. வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கங்களில் கலக்கப்படுவது, மீண்டும் சுத்திகரிக்கப்பட்ட பிறகே வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

ஒளிவேதி முறைக்கு உடனடி வேலை இன்னோர் இடத்தில் இருக்கக்கூடும். எதிர்ச் சவ்வூடுபரவலில் சவ்வு தள்ளிவிடும் எச்ச நீரில், மருந்து மிச்சங்கள் உட்பட எல்லா அழுக்கும் செறிந்து நிற்கும். அதன் அளவோ உள்ளே வரும் நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அந்தச் சிறு அளவில் ஒளியைக் கொண்டு கரிமக் கழிவுகளை உடைக்க ஆய்வாளர்கள் பல நாடுகளில் முயன்று வருகிறார்கள்.