முதியோர் மறுவாழ்வுப் பயிற்சி

நோயுற்றார்க்கு ஓய்வு வேண்டும் என்பது யாவரும் அறிந்த செய்தி. அவ்வோய்வே அளவு கடப்பின் மற்றொரு நோயாகும் என்பதை அறிந்தோர் சிலரே. நாள் முழுதும் கட்டிலிற் கிடப்பவருடைய தசை மெலிகின்றது. எலும்பிலுள்ள சுண்ணச் சத்துக் குறைகின்றது. மடங்கிய முழங்கால் மடங்கியவாறே இறுகுகின்றது. முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் தோன்றுகின்றது. எழுந்து நின்றால் குருதி அழுத்தம் தாழ்ந்து தலை சுழல்கின்றது. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். நோயற்ற முதியோர் சிலர் அவ்வாய்வின் பொருட்டுப் பத்து நாள் படுக்கையிலேயே இருந்தனர். அப்பத்து நாளில் அவர்தம் கால்களில் ஏறத்தாழ 1 கிலோகிராம் தசை குறைந்துவிட்டது. நலமுடையார்க்கே இந்நிலை எனின், பக்கவாதத்தாலோ இடுப்பெலும்பு முறிவாலோ திங்கட்கணக்கிற் கிடப்பவர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இவ்வுண்மையைத் தம் பணியால் உலகிற்கு உணர்த்தியவருள் தலைசிறந்தவர் மார்ஜரி வாரன் என்னும் ஆங்கில மருத்துவப் பெருமாட்டி. இவர் இலண்டன் மாநகரின் மேற்கே, ஐசல்வொர்த் என்னும் ஊரிலுள்ள மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றினார். அதன் அருகே வறியோர் விடுதி ஒன்று இருந்தது. 1935-ஆம் ஆண்டில் அவ்விடுதி மருத்துவமனையோடு இணைந்தபோது, ஆங்கிருந்த 714 பிணியாளரைக் காக்கும் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. அவருட் பெரும்பாலோர் முதியோர். நெடுங்காலம் கட்டிலைவிட்டு இறங்காதவர். உணவும் உடையும் அவர்க்குக் கிடைத்தன. முறையான மருத்துவம் கிடைக்கவில்லை. முதுமையே அவர்தம் நோய் என்று கூறி, அதற்கு மேல் எவரும் ஆராயவில்லை. ஒரு பெயரைச் சூட்டியவுடன் கடமை முடிந்தது எனக் கருதும் இயல்பு மருத்துவர்க்கும் உண்டு போலும்!

அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தார். இவர் நோய் தீரத் தக்கது, இவர் பயிற்சியால் எழுந்து நடக்கத் தக்கவர், இவர் இறுதிவரை பிறர் துணையை வேண்டுபவர் என்று வகைப்படுத்தினார். மருத்துவர், செவிலியர், உடற்பயிற்சி அளிப்போர், சமூகப் பணியாளர் ஆகியோரை ஒரு குழுவாக இணைத்தார். மங்கிக் கிடந்த கூடங்கள் ஒளி பெற்றன. கிடந்தவருட் பலர் உட்கார்ந்தனர். உட்கார்ந்தவருட் பலர் நடந்தனர். நடந்தவருட் பலர் விடுதியை விட்டே வெளியேறினர். நாளடைவில் 240 படுக்கைகளே அப்பகுதிக்குப் போதுமானவை ஆயின. அம்மையார் 1943-ஆம் ஆண்டிலும் 1946-ஆம் ஆண்டிலும் மருத்துவ இதழ்களில் எழுதிய கட்டுரைகள், முதியோர் மருத்துவம் ஒரு தனித்துறையாக வளர்தற்கு வழிகோலின. அவர் 1960-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இனி, அப்பயிற்சியின் இயல்பைக் காண்போம். பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த முதியவர் ஒருவரைக் கருதுக. அவரை உடனே நடக்கச் செய்யார். முதற்கண் கட்டிலின் விளிம்பிற் சாயாமல் உட்காரப் பழக்குவர். பின்னர் இருபுறமும் பிடித்துக்கொள்ளக் கம்பிகள் அமைந்த இடைவழியில் நிற்கவும் அடியெடுத்து வைக்கவும் பயிற்றுவர். ஊன்றுகோலை வலிமை குன்றிய காலின் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும் எனப் பலர் எண்ணுவர். அது தவறு. எதிர்ப்பக்கத்துக் கையிற் பிடித்தால்தான் நோயுற்ற காலின் சுமை குறையும். இவை இயன்முறை மருத்துவர்க்கு உரியன. சட்டை அணிதல், உண்ணுதல், நீராடுதல் முதலிய அன்றாடச் செயல்களைப் பயிற்றுவிப்போர் வேறொரு சாரார். செயலிழந்த கையை முதலில் நுழைத்துப் பின்னர் நல்ல கையை நுழைத்தால் சட்டை அணிதல் எளிதாகும் என்று கற்பிப்பவர் இவரே. பிடி பருத்த கரண்டியைத் தந்து உண்ணச் செய்பவரும் இவரே. பேச்சுப் பயிற்சியாளரோ, நாவின் குழறலை மட்டுமன்றி, உணவு மூச்சுக்குழலிற் புகாதவாறு விழுங்கும் முறையையும் கற்பிப்பர்.

தொண்ணூறு வயதினர்க்குப் பயிற்சி என்ன பயன் தரும் என்று ஐயுறுவார் உளர். அவ்வையத்திற்கு விடை அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரிற் கிடைத்தது. ஆங்கு முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய பத்து முதியோர், எட்டு வாரம் கால்களால் எடை தூக்கிப் பயின்றனர். பயிற்சியை முடித்தவர் ஒன்பதின்மர். அவர்தம் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது என 1990-ஆம் ஆண்டில் அறிவித்தனர். இருவர் ஊன்றுகோலையே நீத்தனர். 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில் இல்லவாசிகள் நூற்றுவர் பங்கு கொண்டனர். பயின்றவர் வலிமை இருமடங்கிற்கு மேலாயிற்று. பயிற்சியின்றிச் சத்துணவு மட்டும் பெற்றோர்க்கு அப்பயன் வாய்க்கவில்லை.

இத்துணைப் பயன் உளதாயினும் இப்பயிற்சி எளிதில் நடைபெறுவதன்று. தாமே சட்டை அணிய ஒரு மூதாட்டிக்குக் கால் மணி நேரம் ஆகலாம். பணியாளர் அணிவித்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். பணியாளர்க்கு விரைவு, உறவினர்க்கு இரக்கம். இரண்டும் கூடி அம்மூதாட்டியின் கைக்கு வேலையே இல்லாமற் செய்துவிடுகின்றன. வேலையற்ற கை வேலையை மறக்கின்றது.

பொருட்செலவு பற்றிய தடை மற்றொன்று. அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், மருத்துவ இல்லத்தில் வாழ்வோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு இயன்ற உயர்ந்த நிலையை அடையவும் அந்நிலையிற் குன்றாதிருக்கவும் வேண்டிய பணிகளைச் செய்யுமாறு அவ்வில்லங்களைப் பணித்தது. எனினும், இவர் நிலை இனி முன்னேறாது என்று காட்டி, மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டின் உதவி பலர்க்கு மறுக்கப்பட்டு வந்தது. இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2013-ஆம் ஆண்டில் உடன்பாட்டில் முடிந்தது. முன்னேற்றம் இல்லையாயினும், உள்ள நிலை தாழாமற் காத்தற்குத் தேர்ந்த பயிற்சியாளரின் துணை இன்றியமையாததாயின், அதற்கும் காப்பீடு உண்டு என்பது தெளிவாக்கப்பட்டது. கட்டிலினின்று நாற்காலிக்குத் தாமே மாறியமரும் ஒரு முதியவர், அடுத்த ஆண்டும் அவ்வாறே மாறியமர்வாராயின், அதுவும் மருத்துவத்தின் பயனாகவே கொள்ளப்பெறும்.