திரைக்குப் பின்னே காத்திருக்கும் பணிகள்



பள்ளி ஆண்டு விழா நெருங்கியதும் நம்மிடையே எழும் முதற்கேள்வி எது? "நாடகத்தில் கதாநாயகி யார்?" என்பதுதானே! மேடையில் நிற்பவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. ஆனால், உரிய நேரத்தில் விளக்கை அணைத்தவர், இடியோசையை எழுப்பியவர், பின்திரையில் காட்டை வரைந்தவர் ஆகியோரின் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது? அவர்களுள் ஒருவர் ஓர் இமைப்பொழுது தவறினாலும் சோகக் காட்சி சிரிப்புக் காட்சியாகிவிடும் அல்லவா?

திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய துறைகளிலும் இதே நிலைதான். 'கலைத்துறை' என்றதும் நடிப்பு, பாட்டு, நடனம் ஆகிய மூன்றுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. நம் பெற்றோர் தயங்குவதும் பெரும்பாலும் அதனால்தான். ஆனால், முகத்தைக் காட்டாமல் கண்ணையும் காதையும் கையையும் முதலாகக் கொண்டு செய்யும் தொழில்கள் அங்கே பல உண்டு. அவற்றுள் நான்கினை இங்கே காண்போம்.

முதலாவது ஒளிப்பதிவு. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒளி அளவோடு விழ வேண்டும். சிறிய விளக்கு ஒன்றை 1 மீட்டரிலிருந்து 2 மீட்டர் தொலைவுக்கு நகர்த்தினால், முகத்தில் விழும் ஒளி பாதியாகக் குறைவதில்லை. கால் பங்காகக் குறைகிறது. இது நம் இயற்பியல் பாடத்தில் வரும் விதியே! தேர்வுக்காக மனப்பாடம் செய்வதையே ஒளிப்பதிவாளர் நாள்தோறும் கையாளுகிறார்.

இரண்டாவது ஒலிப்பதிவு. திரைப்பட ஒலியைக் கணினியில் பதியும்போது, வழக்கமாக ஒரு நொடியை 48,000 கூறுகளாக அளந்து பதிகின்றனர். படத்தில் நாம் கேட்கும் காலடி ஓசையும், புடவையின் சரசரப்பும் பல வேளைகளில் பின்னர் ஒலிக்கூடத்தில் உருவாக்கிச் சேர்க்கப்பட்டவையே. கூர்ந்து கேட்கும் காது இத்துறைக்குப் பெருஞ்செல்வம்.

மூன்றாவது படத்தொகுப்பு. பல மணி நேரம் எடுத்த காட்சிகளிலிருந்து எதை வைப்பது, எதை நீக்குவது, எந்த நொடியில் வெட்டுவது என முடிவு செய்யும் பணி இது. கட்டுரையில் தேவையற்ற வரிகளை அடிக்கத் தெரிந்தவருக்கு இதன் அடிப்படை விளங்கும்.

நான்காவது அனிமேஷன். நொடிக்கு 24 படம் எனில் ஒரு நிமிடத்திற்கு 1,440 படங்கள்! ஒரே படத்தை இருமுறை காட்டினாலும் 720 தேவை. ஜெர்மனியைச் சேர்ந்த லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி, கத்தரிக்கோலால் கறுப்புக் காகித உருவங்களை வெட்டி, அவற்றைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்தார். 1926-இல் வெளிவந்த அப்படமே, இன்று கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களுள் மிகப் பழமையானது. இன்று கத்தரிக்கோலின் இடத்தில் கணினி வந்துள்ளது. பொறுமைக்கு மட்டும் மாற்று வரவில்லை.

"இவையெல்லாம் பெண்களால் இயலுமா?" என்று கேட்போருக்கு வரலாறே விடை கூறும். டி. பி. ராஜலட்சுமி அவர்கள் 1936-இலேயே 'மிஸ் கமலா' என்ற தமிழ்ப் படத்தை இயக்கினார். பி. ஆர். விஜயலட்சுமி அவர்கள் 1985-இல் 'சின்ன வீடு' படத்திற்கு ஒளிப்பதிவு செய்தார். 2002-இல் வெளிவந்த 'மித்ர் மை ஃப்ரெண்ட்' படத்தை ரேவதி இயக்க, ஃபௌசியா பாத்திமா ஒளிப்பதிவு செய்தார். அதன் தொகுப்புக்காக பீனா பால் தேசிய விருது பெற்றார்.

இக்கலைகளை முறையாகப் பயில இடங்களும் உள்ளன. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. ஓவியத்தில் நாட்டமுள்ளோர்க்கு 1850-இல் தோன்றிய சென்னைக் கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. பட்டம் பெற்றபின் மேற்பயிற்சிக்குப் புனேயிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் நிறுவனங்கள் உள்ளன. எந்தப் பிரிவுக்கு எந்தப் பாடம் தேவை என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் சேருமுன்பே விசாரித்தறிவது நலம். பெரும் கட்டணம் கேட்கும் தனியார் நிலையங்களில் சேருமுன், அவற்றின் சான்றிதழுக்கு அங்கீகாரம் உண்டா என்பதைப் பார்த்தே தீர வேண்டும்.

இத்துறையில் இடர்களும் உண்டு. அவற்றை மறைத்தல் முறையன்று. பலருக்கு மாதச் சம்பளம் இராது. ஒரு படம் முடிந்தால் அடுத்த படத்திற்குக் காத்திருக்க வேண்டும். இரவு வேலையும் வெளியூர்ப் பயணமும் உண்டு. பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில், பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. வேலைக்குச் சேருமுன் அக்குழு உள்ளதா என்று கேட்பது நம் உரிமை.

ஆகவே தோழியரே, வீட்டில் அழுது அடம்பிடிப்பதைவிட, படிப்பின் காலம், கட்டணம், வேலைவாய்ப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர்முன் வைப்போம். நாள்தோறும் ஒரு படம் வரைவோம். கண்ணை மூடிப் பத்து நிமிடம் சுற்றுப்புற ஓசைகளைக் கேட்டுப் பழகுவோம். அடுத்த ஆண்டு விழா வரும்போது, "கதாநாயகி யார்?" என்று கேட்கும் நம்முள் ஒருத்தியேனும், "விளக்குப் பொறுப்பை எனக்குத் தாருங்கள்" என்று முன்வரட்டும்!