மாணிக்கக் குழியிற் கிடைத்த காண்டாமிருகம்

காண்டாமிருகத்தை நம்மவர் காட்சிச்சாலைகளிலும் படங்களிலுமே கண்டிருப்பர். ஆயினும் ஒரு காலத்தில் அது இலங்கையிலேயே மேய்ந்து திரிந்ததென்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அதற்குச் சான்று பகர்வன இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளாம்.

நீலமும் புட்பராகமும் தேடுவோர் நிலத்தை ஆழத் தோண்டி, ‘இல்லம்’ என்று தாம் வழங்கும் பரற்படையை அடைகின்றனர். பண்டைய ஆறுகள் அடித்துவந்து சேர்த்த அப்படையில், மணிகளோடு யானை, நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் கல்லாய்ச் சமைந்த எச்சங்களும் கிடைப்பதுண்டு. நீரோட்டத்தில் உருண்டு எலும்புகள் சிதைந்தமையால், எஞ்சியவை பெரும்பாலும் பற்களே. பல்லை மூடியிருக்கும் மிளிரி உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானதன்றோ?

கொம்பைக் கொண்டு அறியலாகாதோ எனின், அது எளிதன்று. காண்டாமிருகத்தின் கொம்பு எலும்பினாலானதன்று. நம் நகமும் மயிரும் எப்பொருளாலாயினவோ அப்பொருளாலேயே ஆனது. ஆதலால் அது பெரும்பாலும் மட்கி மறைந்துவிடும். மண்டையோடு கிடைப்பின், கொம்பு நின்ற இடம் மூக்கெலும்பின்மேற் சொரசொரப்பாய்த் தோன்றும். அது கிடையாவிடத்துப் பல்லே துணை.

யானையின் கடைவாய்ப்பல்லிற் குறுக்கு வரம்புகள் வரிசையாய் நிற்கும். காண்டாமிருகத்தின் மேற்கடைவாய்ப்பல்லிலோ, வட்டத்தின் பரப்பைக் கணிக்க மாணவர் வழங்கும் ‘பை’ என்னும் கிரேக்க எழுத்தின் வடிவம் காணப்படும். கீழ்க்கடைவாய்ப்பல்லில் இரு பிறைகள் அடுத்தடுத்து அமைந்திருக்கும்.

இது காண்டாமிருகம் என்று காண்பது எளிது. எந்தக் காண்டாமிருகம் என்று துணிவதே அரிது. அசாமிலும் நேபாளத்திலும் வாழும் இந்தியக் காண்டாமிருகம் பெரிதும் புல்லை மேய்வது. அதன் பல் உயரமானது, தேய்ந்த மேற்பரப்பு தட்டையானது. ஜாவாக் காண்டாமிருகம் இலை தழைகளைக் கறிப்பது. அதன் பல் உயரத்திற் குறைந்தது. இத்தகைய வேறுபாடுகளை அளந்தும் ஒப்பிட்டுமே அறிஞர் இனம் பிரிக்கின்றனர். ஆனால் வயது ஏறப் பல் தேயும். தேயத் தேய அதன் கோலமும் மாறும். ஒரே இனத்தின் இளையதும் முதியதும் இரு வேறு இனங்கள்போல மயக்கந்தரும்.

இத்துறையில் முன்னின்றுழைத்தவர் பி. ஈ. பி. தெரணியகல அவர்கள். 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய அவர், இரத்தினபுரிப் படைகளிற் கிடைத்த எச்சங்களை ஆராய்ந்து, அழிந்துபோன இரு காண்டாமிருக இனங்களுக்குப் பெயரிட்டார். ஒன்று ‘ரைனோசரஸ் சிங்களேயுஸ்’. மற்றையது ‘ரைனோசரஸ் ககவேனா’. சிங்களத்திற் காண்டாமிருகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

சில பற்களின்மீது ஓர் இனத்தை நிறுவுவது சிறு அத்திவாரத்தின்மீது பெருமாளிகை எழுப்புவதைப் போன்றது. அன்றியும், ஆறுகள் பழைய படைகளை அரித்துப் புதியவற்றோடு கலந்துவிடுவதால், ஒரே குழியில் அருகருகே கிடந்த இரு பற்கள் ஒரே காலத்தவை என்றுங் கொள்வதற்கில்லை. ஐயந்தீர வேண்டுமாயின் இன்னும் பல எச்சங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் எவ்விடத்தில், எவ்வாழத்திற் கிடைத்ததென்ற குறிப்பும் வேண்டும்.

இங்கேதான் கவலை எழுகின்றது. மணியை நாடித் தோண்டுபவனுக்குக் கறுத்துக் கிடக்கும் பல் விலையற்ற கல்லே. அவன் அதனை வீசியெறிந்து குழியை மூடிவிட்டால், ஆயிரமாயிரம் ஆண்டு காத்திருந்த சாட்சி ஒரு நொடியில் ஊமையாகிவிடும். ஒரு நீலம் தவறினால் வேறொன்று கிடைத்தல் கூடும். அழிந்த விலங்கின் பல்லுக்கு ஈடில்லை. ஆதலின் அத்தகைய பொருளொன்று கைக்கெட்டினால், கிடைத்த இடத்தையும் ஆழத்தையுங் குறித்து நூதனசாலையாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். நம் நாட்டின் பழங்கதையைக் காப்பதற்கு அச்சிறு முயற்சியே பேருதவியாம்.